மேலுதடு மட்டும் பாக்கி

நீங்கள் எழுந்துபோக வேண்டியதில்லை. பின்னால் சீட் எதுவும் காலி இல்லை, நானும் பார்த்துவிட்டேன். தண்ணீர் குடிக்க மாஸ்க்கை இறக்கினேன், நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள், மடியில் இருந்த பையைத் தூக்கி நம் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, பை இருக்கட்டும். ஆனால் ஒன்று. பாவூர்சத்திரத்தில் பஸ் ஏறினபோது “கொஞ்சம் தள்ளி உக்காரும்மா” என்று நீங்களாகத்தான் சொன்னீர்கள். நான் யாரையும் ஏமாற்றவில்லை. தள்ளி உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கிறது. கேட்டால் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கம் பாருங்கள், கரண்டு எடுக்கிற காற்றாடியாவது தெரியும்.

என் பெயர் குத்தாலிங்கம். தென்காசிதான். ஆமாம், ஆம்பிளைப் பெயர்தான். அதில் உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது மாதிரி தெரிகிறது. சிங்கப்பூரில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தேன், இன்சூரன்ஸ் கம்பெனியில். மோதி நசுங்கின காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதைச் சரிபண்ணலாம், இதை உடைத்து இரும்புக்குப் போடலாம் என்று சொல்வது என் வேலை. ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் சொல்லிவிடுவேன். முடிவெடுக்கத் தெரியாத ஆள் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் உங்களுக்கு அப்படி ஒரு எண்ணம் வரலாம்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். தங்கச்சி கோமதி கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள், படுக்கையில் கிடக்கிற மாமியார் மாமனார் என்று அவளுக்கு அங்கேயே கட்டில் இரண்டு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கேட்க நினைத்தீர்கள், நானே சொல்லிவிட்டேன். ஆக நான்தான் வந்தேன். வேலையை விட்டுவிட்டு வந்தேன். அம்மாவுக்காக வந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

வந்து கொஞ்ச நாளில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, மீசையை எடுத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், எடுத்தேன். வியர்வை, அரிப்பு, ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன். சிங்கப்பூரில் மீசையை எடுத்தால் பக்கத்து மேஜைக்காரனுக்குக்கூடத் தெரியாது. தென்காசியில் நாற்பத்தாறு வயசுக்காரன், நேற்றுவரை மீசையோடு இருந்தவன், திடீரென்று வழித்துக்கொண்டு தெருவில் இறங்கினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? எனக்கு மறந்துபோயிருந்தது. சத்தியமாக மறந்துபோயிருந்தது. அப்பா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அப்படியென்றால் மிச்சம் யார்?

பால்காரர் பாக்கெட்டைக் கொடுக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஊர்ப் பாசம் என்று நினைத்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருத்தர், “மொட்டை போடலியா?” என்று மெதுவாகக் கேட்டதும், இன்னொருத்தர், “அவரு வெளிநாட்டுல இருந்தவருல்லா, மீசையோட நிப்பாட்டிக்கிட்டாரு” என்று எனக்காகப் பரிந்து பேசினதும் காதில் விழுந்தது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்பு. உள்ளே நாலைந்து பெண்கள் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அழுதபடி நுழைகிறார்கள். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருக்கிறாள்.

“யாருட்டீ செத்தது?” என்றாள் அம்மா.

அவிழ்த்த தலையை அள்ளி முடிந்துகொண்டார்கள். கடைசியில் எதிர்வீட்டு மாடத்தி, “நீங்கதான் பெரியம்மா” என்றாள்.

அம்மா கையில் இருந்த இட்லியைக் கீழே வைக்கவில்லை. தின்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். என் மேலுதட்டைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் வாடகைக் கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி இறங்கிவிட்டது. ரோஜா மாலை வந்துவிட்டது. யாரோ கோமதிக்குப் போன் பண்ணிவிட்டார்கள். அவள் ஆட்டோவில் வந்து தெருமுனையிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். அவள் வாசலில் விழுந்து புரளும்போது உள்ளேயிருந்து அம்மா, “ஏளா, வந்ததுதான் வந்த, ஒரு காப்பி போட்டுக் குடு” என்றாள். கோமதி அதற்கப்புறம்தான் நிஜமாக அழுதாள். மாலையை வீணாக்க வேண்டாம் என்று அப்பா படத்துக்குப் போட்டோம்.

எல்லாரும் போனபின் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“ஏல, நான் செத்தா எடுக்க வேண்டியதை இப்பமே எடுத்துட்டா, அன்னைக்கி எனக்கு என்னத்தல குடுப்ப?”

வளர்ந்துவிடும் என்றேன்.

“வளரணும். உன் மூஞ்சியில வேற என்ன வேணாலும் பண்ணிக்கோ. நான் கேக்க மாட்டேன். மீசையை மட்டும் எனக்கு வெச்சிரு.”

சரி என்றேன். அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். ‘வேற என்ன வேணாலும்’ என்று எதை நினைத்துச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. சும்மா பேச்சுக்குச் சொல்லியிருப்பாள்.

அந்தச் சத்தியத்துக்குப் பின்தான் திருநெல்வேலி கிளினிக் போக ஆரம்பித்தேன். லேசர். முடியை வேரோடு கருக்குகிற சமாச்சாரம். அங்கே ஷெரின் என்று ஒரு பெண், பாளையங்கோட்டைப் பிள்ளை, கலகலவென்று பேசும்.

“தாடி ஷேப்பிங்கா சார்? மாப்பிள்ளைங்க நிறையப் பேர் கன்னத்துல மட்டும் எடுத்துக்குவாங்க.”

“இல்லை. எல்லாம். கன்னம், தாடை, கழுத்து. பிளேடு சேரவில்லை, தோல் தடித்துப்போகிறது.”

“மீசை?”

“மீசை அம்மாவுடையது” என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

டாக்டர் அம்மா கொஞ்சம் விவரமானவர். கதவைச் சாத்திவிட்டு நேராகவே கேட்டார். “பெண்ணா மாறணும்னு யோசிக்கிறீங்களா? அப்படின்னா அதுக்கு வேற டாக்டரும் பாக்கணும், நான் எழுதித் தாரேன். தப்பில்ல, சொல்லுங்க.” இரண்டு மொழியில் படித்ததில் ஒரு வசதி. ஒரு மொழியில் கேட்கிற கேள்விக்கு இன்னொரு மொழி வழியாக நழுவி வெளியே வந்துவிடலாம். ‘சும்மா பார்க்கிறேன்’ என்று இங்கிலீஷில் சொன்னேன், துணிக்கடையில் சொல்வதுபோல. அவர் சிரிக்கவில்லை. “லேசர்ல போனது முழுசாத் திரும்பி வராது. நல்லா யோசிச்சிட்டு வாங்க” என்றார். யோசித்துக்கொண்டே வருகிறேனே என்றேன்.

அப்படித்தான் இரண்டு வருஷமாக வந்துகொண்டிருக்கிறேன், மாதம் ஒருதரம்.

வலியா? ரப்பர் பேண்டை இழுத்து முகத்தில் விடுகிற மாதிரி. கண்ணைக் கட்டிவிடுவார்கள். தீய்ந்த முடி நாற்றம் வரும், கோழியை வாட்டுகிற மாதிரி. இரண்டு வாரத்தில் கருகினது எல்லாம் உதிரும். மூன்றாம் தடவைக்குப் பின் ஒருநாள் முகம் கழுவும்போது கை எதிலும் இடறாமல் வழுக்கிக்கொண்டு போனது. கண்ணிலிருந்து கழுத்துவரைக்கும். அன்றைக்கு முழுக்க முகம் கழுவிக்கொண்டே இருந்தேன். சித்திரை வெயில், வேறென்ன.

ஒரு விஷயம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் எதையும் முடிவு பண்ணவில்லை. டிவியில் பேட்டி கொடுக்கிறவர்கள் சொல்வார்களே, சின்ன வயசிலேயே தெரியும், அக்கா பாவாடையை எடுத்துக் கட்டிக்கொள்வேன் என்று. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. நான் கபடி ஆடினேன். முழங்கையில் தழும்பு இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். இந்த வயதில் போய் என்ன கிடைக்கப்போகிறது? ஒரு பெண்பிள்ளை நாற்பத்தெட்டு வயதில் எதிலிருந்தெல்லாம் ஓய்வு கேட்கிறாளோ, அதையெல்லாம் நான் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தப்பாகப் போய்விட்டால் என்ன என்று டாக்டர் கேட்டார். சரியாகப் போய்விட்டால் என்ன என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய சந்தேகம். சரிதான் என்று தெரிந்துவிட்டால், இத்தனை வருஷம் என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்று யாராவது கேட்பார்களே? யாராவது என்றால் வேறு யாருமில்லை, நானேதான்.

அதனால்தான் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். புருவத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுக்கொண்டேன். முடியை வளர்த்துப் பின்னால் கட்டினேன், வெட்ட நேரமில்லை என்று சொன்னேன். நம்பிவிட்டார்கள். கோமதி மட்டும் ஒருநாள், “அண்ணே, உன் புருவம் என் புருவத்தைவிட நல்லா இருக்கு, எங்க பண்ணின?” என்றாள். அதுவாகவே அப்படித்தான் என்றேன். அதையும் நம்பிவிட்டாள். அவளுக்கு இப்போதெல்லாம் ஞாபகம் சரியில்லை. தீபாவளிக்குத் தனக்கென்று சுடிதார் எடுத்தாள், அளவு பார்க்காமல். அவள் இத்தனூண்டு இருப்பாள். துணி என் உயரத்துக்கு, என் தோளுக்கு இருக்கிறது. “எனக்குச் சேரல, இங்கயே கெடக்கட்டும்” என்று என் பீரோவிலேயே வைத்துவிட்டுப் போனாள். பொங்கலுக்கு மறுபடியும் அதே தப்பு. அரக்கு நிறம், நல்ல துணி. மாற்றிக்கொள்ளச் சொன்னால், பில்லைத் தொலைத்துவிட்டேன் என்கிறாள்.

அம்மாவுக்கும் கண் மங்கிவிட்டது. என் அறைக் கண்ணாடிக்கு மேலே வெளிச்சம் போதவில்லை என்று எலக்ட்ரீசியனை வரவழைத்து ஒரு லைட் போட வைத்தாள். அவள் அந்த அறைக்குள் வருவதே இல்லை.

சங்கடம் எல்லாம் மீசையில்தான். கன்னம் வழவழ என்று இருக்கிறது, புருவம் வளைந்து நிற்கிறது, நடுவில் கருகருவென்று ஒரு மீசை. வேஷத்தைப் பாதி கலைத்துவிட்டு டீ குடிக்கப் போன கூத்துக்காரன் மாதிரி. அதனால்தான் மாஸ்க். மாஸ்க் போட்டால் கண்டக்டர், “எம்மா, முன்னால போங்க” என்பார். இறக்கினால், “அண்ணாச்சி, பின்னால வாங்க” என்பார். ஒருநாள் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கொடுக்கிற இலவச டிக்கெட்டைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டார். எனக்குத் தும்மல் வந்தது. மாஸ்க்கை இறக்கினேன். டிக்கெட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “நீங்களே சொல்லுங்க, நான் என்னத்தக் கிழிக்க?” என்றார். நியாயமான கேள்வி. இறங்கி நடந்தே போய்விட்டேன்.

ஆனாலும் அந்த மீசை இருந்தவரைக்கும் எனக்கு ஒரு கவலையும் கிடையாது. யோசித்துப் பாருங்கள். இதுதானா நீ என்று மனசு கேட்டால், அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறேன், அவள் இருக்கிறவரைக்கும் பேச்சே கிடையாது என்று வாயை அடைத்துவிடலாம். அம்மாவும் நன்றாகச் சாப்பிடுகிறாள், வாக்கர் வைத்து நடக்கிறாள், அவள் பிறந்த வீட்டில் எல்லாரும் தொண்ணூறைத் தாண்டினவர்கள். எனக்கும் நாள் ஓடிவிடும்.

அதைத்தான் அவள் கெடுத்தாள்.

போன மாதம் ஒருநாள், காலையில் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தினமும் நிற்பேன், கொஞ்ச நேரம். ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து மீசையை மறைத்துக்கொண்டு பார்ப்பேன். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. மறைத்தால் ஒருத்தி தெரிவாள். விரலை எடுத்தால் போய்விடுவாள். மறுபடி வைத்தால் வருவாள். அன்றைக்கு வாக்கர் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. திரும்பினால் அம்மா வாசல்படியில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

“எதுக்குல விரலை வெச்சு மறைக்க?”

“தும்மல் வருது.”

“தெனமுமா வருது?” என்றாள். போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் வீட்டில் மாரியப்பன் நிற்கிறார். அப்பாவுக்குக் காரியத்தன்று எனக்கு மொட்டை போட்டவர். பெட்டியோடு வந்திருக்கிறார். கோமதியும் வந்திருக்கிறாள். எனக்கு ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. பின்வாசலில் மனைப்பலகையைப் போட்டிருக்கிறார்கள், அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“உக்காருல” என்றாள். “மாரியப்பா, மீசையை எடு.”

மாரியப்பன் பெட்டியைத் திறக்கவே இல்லை. “ஆச்சி, நீங்க கல்லுமாதிரி உக்காந்திருக்கீங்க. தாயி உசுரோட இருக்கையில மகனுக்கு நான் எப்படி எடுப்பேன்? எனக்குப் புள்ளகுட்டி இருக்கு.”

“ஊருக்கு நான் எப்பமோ செத்தாச்சு. நாற்காலி வந்துச்சு, மாலை வந்துச்சு, இவ வாசல்ல கெடந்து உருண்டா. மீசை எடுக்கிறதைத்தான் நான் கண்ணால பாக்கல. செத்த பெறவு எடுத்தா மட்டும் பாக்கவா போறேன்? எனக்குள்ளதை நான் இருக்கையில வாங்கிக்கிடுதேன். எடு.”

கோமதி, “நாளைக்கு கொள்ளி வைக்கையில ஊரு என்னம்மா சொல்லும்?” என்றாள். கேட்கிற மாதிரி இல்லை, யாரோ கேட்கச் சொன்னதுபோல இருந்தது.

“வைக்க வேண்டியது வந்து வெக்கட்டும். வேட்டி கட்டிட்டு வந்தா என்ன, சேலை கட்டிட்டு வந்தா என்ன, நான் எந்திரிச்சு உக்காந்து பாக்கவா போறேன்?”

சேலை என்று ஏன் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. வயசானவர்கள் வாயில் என்னென்னவோ வரும்.

மாரியப்பன் எடுத்தார். கத்தி வைக்கும் முன் அதைத் தீட்டினார், மறுபடியும் தீட்டினார். முடிந்ததும் அம்மா கையை நீட்டினாள். நான் குனிந்தேன். மேலுதட்டில் பெருவிரலை வைத்து ஒரு தரம் தடவினாள், குழந்தைக்குப் பால் துடைக்கிறதுபோல. “எனக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்துட்ட. இனி எங்கிட்ட பாக்கி இல்ல” என்றாள். பிறகு, “ஏளா, போயி கண்ணாடியப் பாரு” என்றாள். ‘ஏளா’ என்றால் பெண்பிள்ளைதானே, கோமதியைச் சொல்கிறாள் என்று நான் அங்கேயே நின்றேன். கோமதியும் நின்றாள். அப்புறம் அவள்தான் என்னைத் தோளில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா? சத்தியத்தை வாங்கினது அவள். அதை நான் தலையில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்தேன். என்னைக் கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இனி நான் யாரைக் காரணம் சொல்ல? கிழவிக்குக் கொஞ்சமாவது யோசனை வேண்டாமா? கோபத்தில் அன்றைக்கு அவளோடு நான் பேசவே இல்லை. அவளுக்குப் பிடித்த அவியல் வைத்துக் கொடுத்தேன், ஆனால் பேசவில்லை.

இருந்தாலும் ஒரு நம்பிக்கை இருந்தது, மீசை திரும்ப வளர்ந்துவிடும், பழையபடி இருந்துகொள்ளலாம் என்று. வளர்ந்தது. வெள்ளை வெளேரென்று வளர்ந்தது. இத்தனை நாள் டை அடித்து அடித்து, அடியில் எல்லாம் நரைத்துப்போனது எனக்கே தெரியவில்லை. போன வாரம் கிளினிக்கில் ஷெரின் விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“லேசர் கறுப்பு முடியைத்தான் பிடிக்கும் சார். நரைச்சதுல ஒண்ணும் பண்ணாது. ஊசிதான். ஒவ்வொரு வேர்லயும் ஊசியை இறக்கி, கரண்டு குடுத்து, ஒண்ணொண்ணா எடுக்கணும். கொஞ்சம் வளர்ந்திருந்தாத்தான் பிடிக்க முடியும், அதனால வர்றதுக்கு முன்னால வழிக்காதீங்க.”

அதனால்தான் இந்த முள். நீங்கள் பார்த்துப் பையை நடுவில் வைத்தது இதைத்தான்.

ஒண்ணொண்ணாக என்றதும் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். லேசர் என்றால் ஒரே மின்னல், கண்ணை மூடிக்கொண்டால் போச்சு. இது அப்படியில்லை. “ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டுவிட்டு எடுங்கள்” என்றேன். “ஒவ்வொண்ணுக்குமா?” என்றாள். ஆமாம் என்றேன். ஷெரின் நல்ல பெண், சிரிக்காமல் ஊசியைக் கொண்டுவந்தாள். வலது ஓரத்தில் ஒன்றைத் தொட்டு, “இது?” என்றாள்.

யோசித்தேன். அவள் குனிந்தபடியே இருந்தாள். “சார், கை மரத்துப்போகுது” என்றாள்.

“எடுங்கள்.”

எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக். அவள் இடுக்கியில் பிடித்துக் காட்டினாள். எங்கள் அம்மா தலைமுடிபோல இருந்தது, அதே வெள்ளை. “இது?” என்றாள். அது மட்டும் தனியாக நின்று என்ன பண்ணப்போகிறது? எடுங்கள். “இது?” எடுங்கள். அப்புறம் எந்த இடத்தில் அவள் கேட்பதை நிறுத்தினாள் என்று தெரியவில்லை. சார் என்று சொல்வதையும் அப்போதே நிறுத்திவிட்டாள்போல, நான் அதைக் கவனிக்கவில்லை. எழுந்திருக்கும்போது என் கையைப் பிடித்து, “மெதுவாக்கா” என்றாள். தூக்கக் கலக்கத்தில் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு சொல்லியிருப்பாள்.

பேட்டை வந்துவிட்டது. நீங்கள் ஜங்ஷனில்தானே இறங்குகிறீர்கள்? நானும்தான். அட, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்களா? கனமாக இருக்குமே, கொடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன்.

என்ன முடிவு பண்ணினேன் என்றா கேட்கிறீர்கள்? இன்னும் ஒன்றும் பண்ணவில்லையம்மா. அவசரப்படுகிற விஷயமா இது? வலது பக்கம் முடிந்துவிட்டது. இன்றைக்கு இடது பக்கம். அதையும் எடுத்து முடித்தபின்தான் நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.